யவனர் தேறல்: ஒரு சாடியும் ஒரு சொல்லும்

தெம்பனிஸ் பேரங்காடிகளின் அடுக்குகளில் நிற்கும் சிவப்பு மதுப் புட்டி ஒவ்வொன்றும் தன் வரலாற்றைத் தானே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. திராட்சைத் தோட்டத்தின் பெயர், அதனை நடத்தும் குடும்பத்தின் பெயர், கனி பறித்த ஆண்டு, நாவில் அது எவ்வாறு படும் என்பது பற்றி இரண்டு வரி. அவ்விரண்டு வரிகளைத் தமிழில் எழுதித் தருமாறு நம் உயர்நிலைப் பள்ளி மாணவரிடம் கேட்டால், முதற்சொல்லிலேயே அவர் தயங்குவார். ‘ஒயின்’ என்று ஒலிபெயர்த்து எழுதுவதா, ‘திராட்சை மது’ என்று விரித்து எழுதுவதா? இப்பொருள் தமிழுக்கு நேற்று வந்த விருந்து என்ற எண்ணமே அத்தயக்கத்திற்குக் காரணம். உண்மையில், மத்தியதரைக் கடற்கரையில் பிழிந்த திராட்சை மதுவைத் தமிழ்ப் புலவர் ஒருவர் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தம் பாட்டில் குறித்திருக்கிறார். அதற்குக் கடன்சொல் எதையும் அவர் நாடவில்லை. அந்த மதுவையும் அது வந்த சாடியையும் அதனைக் குறித்த சொல்லையும் பற்றியே இவ்வுரையில் பேச இருக்கிறோம்.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மதுவைப் பற்றிப் பேசுவது சிங்கப்பூர்த் தமிழருக்கு எளிதான செயலன்று. காலனி ஆட்சிக் காலத்தில் நம் தொழிலாளர் குடியிருப்புகளை அடுத்துக் கள்ளுக்கடைகள் இருந்தன. நாள்முழுதும் உழைத்துப் பெற்ற கூலி அங்கே கரைந்தது. 1932இல் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கம் கள்ளுக்கு எதிராகப் பரப்புரை செய்தது. 1941இல் மலாயாவின் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடுவதையும் தம் கோரிக்கைகளுள் ஒன்றாக வைத்தனர். அந்த நினைவு நம் குடும்பங்களில் இன்னும் ஆறவில்லை. திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரம் நம் வகுப்பறைகளில் அழுத்தமாகக் கற்பிக்கப்படுவதில் வியப்பில்லை.

ஆனால் இதற்கு ஒரு விலையும் கொடுத்திருக்கிறோம். சங்கப் பாடல்களில் கள்ளும் தேறலும் வரும் இடங்களை ஆசிரியர்கள் விரைந்து கடந்துவிடுகின்றனர். அதியமான் இறந்தபின் ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டைக் கற்பிக்கும்போதும், அவன் சிறிதளவு கள் கிடைத்தால் தமக்கே தருவான் என்று அவர் நினைவுகூரும் இடத்தில் குரல் தாழ்ந்துவிடுகிறது. குடியைப் போற்றுவது வேறு, குடியைப் பற்றிய சான்றினைப் படிப்பது வேறு. இரண்டாவதைக் கைவிட்டால் பழந்தமிழரின் கடல்வணிக வரலாற்றில் ஒரு முழு அத்தியாயத்தை நாமே கிழித்தெறிந்தவராவோம்.

அந்த அத்தியாயத்தின் தமிழ்ச் சான்று புறநானூற்றின் 56ஆம் பாடலில் உள்ளது. பாடியவர் நக்கீரர், பாடப்பட்டவன் பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன். மன்னனைத் தெய்வங்களோடு ஒப்பிட்டுப் புகழ்ந்த புலவர், இறுதியில் அவனை வாழ்த்துகிறார். யவனர் கொண்டுவந்த, குளிர்ச்சியும் நறுமணமும் உடைய தேறலை வளையணிந்த மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர, நாள்தோறும் அருந்தி இனிது வாழ்க என்பது வாழ்த்தின் சாரம். யவனர் அதனைக் கொணர்ந்த கலம் நல்ல கலம் என்றும் புலவர் அடை கொடுக்கிறார். ‘கலம்’ என்பது கப்பலையும் குறிக்கும், பாண்டத்தையும் குறிக்கும். இங்கே எது பொருள் என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள்; இரு தரப்பும் வாதிட இடமுண்டு. பாண்டம் என்று கொள்வதே நமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. தேறல் பொன்னாலான கலத்துக்கு மாறுவதை அடுத்தே புலவர் சொல்லுவதால், ஒரு கலத்திலிருந்து மறுகலத்துக்கு என்ற வரிசை அழகாக அமைகிறது.

பாடலில் நிறம் சொல்லப்படவில்லை; மது சிவப்பா வெளுப்பா என்று நக்கீரர் கவலைப்படவில்லை. அவர் சொன்னவை இரண்டே: தண்மை, மணம். இன்றைய புட்டிகளின் முதுகில் ஒட்டியிருக்கும் சுவைக்குறிப்புகளில் பலவற்றைவிட இது கூர்மையானது என்பது எம் எண்ணம்.

‘தேறல்’ என்ற சொல்லைச் சற்று நின்று நோக்குவோம். தேறுதல் என்றால் தெளிதல். நொதித்த சாற்றின் வண்டல் அடியில் தங்க, மேலே தெளிந்து நிற்பது தேறல். ஆகவே இது ஒரு பொருளின் மூலத்தைச் சொல்லும் பெயரன்று, அதன் நிலையைச் சொல்லும் பெயர். பனையிலிருந்து வந்தாலும் தேனிலிருந்து வந்தாலும் நெல்லிலிருந்து வந்தாலும், தெளிந்தால் அது தேறல். சங்க நூல்களில் இத்துறைக்குரிய சொற்கள் வேறும் பல உண்டு: கள், நறவு, மட்டு, பிழி, தோப்பி. இவற்றுள் தோப்பி என்பது நெல்லிலிருந்து வீட்டில் சமைத்த கள். பெரும்பாணாற்றுப்படை அதனைக் காட்டுகிறது. மலைபடுகடாம் மூங்கிற் குழாயில் முதிரவைத்த தேன் தேறலைச் சொல்கிறது. கபிலர் பாரியின் நாட்டைப் பாடுகையில் நிலத்துள் புதைத்து முதிரவைத்த தேறலைக் குறிக்கிறார் (புறநானூறு 120). நாட்பட்ட தேறலின் வேகத்தைத் தேள் கடியோடு ஒப்பிடுகிறார் ஔவையார் (புறநானூறு 392). சிறுபாணாற்றுப்படைக்கோ அது சினந்த பாம்பு. எதிலிருந்து பிழிந்தது, எதில் வைத்தது, எத்தனை நாள் முதிர்ந்தது, எவ்வாறு தலைக்கேறும் என்று நான்கையும் பிரித்தறிந்த நாவுகள் அவை. யவனரின் சாடி திறக்கப்பட்டபோது அதனை முகர்ந்தவர்கள் சுவையறியாதவர்கள் அல்லர்.

புறநானூற்றை உ. வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்தார். அப்போது யவனர் தேறல் ஒரு புலவரின் சொல்லாக மட்டுமே இருந்தது. அரை நூற்றாண்டு கழித்து, 1945இல், புதுச்சேரிக்குத் தெற்கே ஆற்றங்கரையில் அமைந்த அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். இத்தாலியின் அரெட்சோ நகரத்து வகையைச் சேர்ந்த செந்நிற மெருகுக் கலங்களின் சில்லுகளோடு, ‘ஆம்போரா’ எனப்படும் இரு கைப்பிடிச் சாடிகளின் உடைசல்களும் அங்கே கிடைத்தன. நீண்ட கழுத்தும் கூம்பிய அடியும் உடையவை இச்சாடிகள். தரையில் நிற்கா, ஆனால் கப்பலின் வயிற்றில் வரிசை வரிசையாகச் செருகி அடுக்க இந்தக் கூம்பு வடிவமே வசதி. ஒரு சாடி ஏறத்தாழ 25 லிட்டர் கொள்ளும்.

வீலர் அரிக்கமேட்டை யவனர் வந்து உருவாக்கிய வணிகக் குடியிருப்பு போலவே எண்ணினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் குழுவினர் மீண்டும் அகழ்ந்தபோது படம் மாறியது. உரோமானியப் பொருள்கள் வருவதற்கு முன்னரே அங்கு ஊர் இருந்தது, கைத்தொழில் இருந்தது. யவனர் வந்தது ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த துறைமுகத்துக்கு. அதன் கண்ணாடி மணிகள் கிழக்கு நோக்கியும் சென்றன. தென் தாய்லாந்தின் குவான் லுக் பாட்டில் தமிழ் பிராமியில் எழுத்துப் பொறித்த பொற்கொல்லரின் உரைகல் ஒன்று கிடைத்திருப்பதை இங்கே நினைவிற் கொள்ளலாம். மேற்கே உரோமும் கிழக்கே நம் வட்டாரமும் ஒரே வணிக வலையின் இரு முனைகள்.

உடைந்த ஓட்டுச் சில்லு ஒன்று தன் ஊரை எப்படிச் சொல்லும்? கைப்பிடி இரு தண்டுகளை ஒட்டவைத்தாற்போல் இருந்தால் அது கிரேக்கத் தீவாகிய கோஸின் பாணி. ஆனால் அப்பாணியை இத்தாலியக் குயவரும் பின்பற்றினர். ஆகவே வடிவத்தை மட்டும் நம்ப முடியாது. மண்ணைப் பார்க்க வேண்டும். நேப்பிள்ஸை அடுத்த கம்பேனியாப் பகுதியில் வனைந்த சாடிகளின் மண்ணில் எரிமலையின் கருமணல் மிளகுத்தூள் தூவியது போலக் கலந்திருக்கும். அத்தகைய சில்லுகள் அரிக்கமேட்டிலும், பண்டைய முசிறியோடு தொடர்புபடுத்தப்படும் கேரளத்துப் பட்டணத்திலும் கிடைத்துள்ளன. பட்டணத்தில் 2007இல் தொடங்கிய அகழாய்வுகளில் வெளிப்பட்ட ஆம்போராச் சில்லுகள் ஆயிரக்கணக்கானவை.

அந்தக் கருமணலின் தாயகம் வெசூவியஸ் மலை. கி.பி. 79இல் அம்மலை வெடித்துச் சாம்பலால் மூடிய இடங்களில், பொம்பேயி நகரை அடுத்த பொஸ்கொரியாலேயில், வில்லா ரெஜீனா என்று இன்று அழைக்கப்படும் சிறு பண்ணை வீடு ஒன்று உண்டு. பெருஞ்செல்வரின் மாளிகை அன்று; உழவரின் பண்ணை. பிழியும் அறை ஒன்று, முற்றம் ஒன்று, முற்றத்தில் கழுத்தளவு மண்ணுள் புதைத்த 18 பெருந்தாழிகள். வீட்டைச் சுற்றி நின்ற கொடிகளின் வேர்கள் மக்கிப்போன குழிகளைக்கூட ஆய்வாளர் கண்டறிந்தனர். சிறு பண்ணையில் மது எவ்வாறு உருவாயிற்று என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடங்கள் மிகக் குறைவு. கனியை மிதித்துப் பிழிந்து, சாற்றைப் புதைத்த தாழியில் ஊற்றி நொதிக்க விடுவர். மண்ணின் குளிர்ச்சி அதன் வேகத்தை அடக்கும். தெளிந்தபின் சாடிகளில் நிரப்பி அடைப்பர்.

கபிலர் பாடிய புதைத்த தேறலை இங்கே நினையாமல் இருக்க முடிகிறதா? பறம்பு நாட்டாரும் வெசூவியஸ் அடிவாரத்தாரும் ஒருவரையொருவர் பார்த்துக் கற்றனர் என்று நாம் சொல்லவில்லை. வெப்பமான நாட்டில் மதுவை முதிரவைக்க மண்ணே குளிர்ப்பெட்டி என்பதை இருவரும் தத்தம் அனுபவத்தில் அறிந்திருந்தனர். தமிழ் மாணவருக்கு வில்லா ரெஜீனாவின் முற்றத்தை விளக்க வேற்றுமொழிக் கலைச்சொல் தேவைப்படாது, புறநானூறு போதும்.

இத்தாலியிலிருந்து தமிழகம் வரை சாடி வந்த வழி நீண்டது. முதலில் கடல்வழியே எகிப்தின் அலெக்சாந்திரியா. அங்கிருந்து நைல் ஆற்றில் மேலேறிக் கோப்தோஸ். பின்னர் ஒட்டகத்தின் முதுகில் பாலைவனம் கடந்து செங்கடல் துறைமுகங்களாகிய பெரெனிகே அல்லது மியோஸ் ஹோர்மோஸ். கோப்தோஸிலிருந்து பெரெனிகேக்கு 12 நாள் பயணம் என்கிறார் பிளினி. இப்பாலைப் போக்குவரத்தைக் கி.பி. 1ஆம் நூற்றாண்டில் நடத்தியவருள் நிக்கானோர் என்பவரின் குடும்பமும் ஒன்று. அவர்கள் பானை ஓடுகளில் எழுதி வைத்த பற்றுச்சீட்டுகள் இன்றும் உள்ளன. வழியிலுள்ள பாறை ஒன்றில் கையுஸ் பெட்டிகியுஸ் என்பவர் தம் பெயரைக் கீறிவைத்துள்ளார். அக்குடிப்பெயர் இத்தாலிய மது வணிகத்தோடு தொடர்புடையது. பாறையில் பெயர் கீறும் பழக்கம் எக்காலத்துப் பயணியையும் விடவில்லை போலும்!

பெரெனிகேயில் கிடைத்த ஓட்டெழுத்துகளோ நம் பொருளுக்கு நேரடிச் சான்று. சுங்க வாயிலில் இருந்தவருக்கு எழுதிய அனுமதிச் சீட்டுகள் அவை: இன்னாருக்காக இத்தனை சாடிகளை உள்ளே விடுக. கி.பி. 1ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த அச்சீட்டுகளில் மிகுதியாகக் காணப்படும் சரக்கு மதுதான். இத்தாலிய மது, ரோட்ஸ் மது, லவோதிக்கேயா மது என்று ஊர்ப்பெயரால் அவை வகைப்படுத்தப்பட்டுள்ளன. அதே பெரெனிகேயில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடும், இந்தியத் தாழி ஒன்றில் 7 கிலோவுக்கும் மேற்பட்ட மிளகும் கிடைத்தன. மது கிழக்கு நோக்கிப் புறப்பட்ட அதே துறையில் மிளகு மேற்கு நோக்கி இறங்கியது. யவனரின் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு மீளும் என்று அகநானூறு (149) சொல்வதன் மறுமுனையை இங்கே காண்கிறோம்.

எவ்வளவு மது வந்தது? இங்குதான் நாம் அடக்கமாக இருக்க வேண்டும். மேடைகளில், யவனர் மது தமிழகத்தில் ஆறாக ஓடியது போலப் பேசுவோரைக் கேட்டிருக்கிறோம். சான்று அவ்வாறு சொல்லவில்லை. கி.பி. 1ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுதப்பட்ட ‘எரித்திரியக் கடற்பயண நூல்’ முசிறிப் பகுதிக்கு ஏற்ற சரக்குகளைப் பட்டியலிடுகிறது. நாணயம் முதலில் நிற்கிறது, அதுவும் பெருமளவில். பிறகு ஆடை, பவளம், கண்ணாடி, செம்பு, வெள்ளீயம், காரீயம். மதுவைச் சொல்லும்போது ‘மிகுதி இல்லை’ என்ற குறிப்பும் சேர்கிறது. குசராத்தின் பரிகாசாத் துறைக்கு இத்தாலிய மதுவே விருப்பம் என்றும், அங்குள்ள மன்னனுக்கு உயர்ந்த மது தனியே கொண்டுசெல்லப்படும் என்றும் அந்நூல் கூறுகிறது. ஆக, இது ஊர் குடித்த மது அன்று. அரண்மனையும் செல்வரும், துறைமுகத்தில் தங்கிய யவனரும் குடித்தது. ஊர் குடித்தது வீட்டில் சமைத்த தோப்பியை. புறநானூற்றில் யவனர் தேறலைப் பொற்கலத்தில் ஏந்துவதும், உழவர் சிற்றில்லில் கள் பரிமாறுவதும் வேறுவேறு சமூக நிலைகளின் காட்சிகள். ஆசிரியர்கள் இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் கற்பித்தால், சங்கச் சமூகம் ஒரே சமநிலையில் வாழ்ந்தது என்ற கற்பனை தானே கலையும்.

சுவை எப்படி இருந்திருக்கும்? மதுச் சாடியின் உட்புறம் கசியாதிருக்கப் பைன் மரப் பிசினால் காய்ச்சிய கீலைப் பூசுவது வழக்கம். மாதக்கணக்கில் அதனுள் கிடந்த மதுவில் அந்த மணம் ஏறாமல் இராது. நக்கீரர் மணத்தை முதன்மைப்படுத்தியதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். கோஸ் தீவின் மதுவில் கடல்நீர் கலப்பர். கோஸ் மதுவைப் போன்றே இத்தாலியில் செய்வதற்குக் காட்டோ என்ற உரோமானியர் தம் வேளாண் நூலில் எழுதிய செய்முறையிலும் கடல்நீர் இடம்பெறுகிறது. உப்பு மதுவைக் கெடாமல் காக்க உதவியது, நெடும்பயணத்துக்கு ஏற்றது. திராட்சையின் தோலோடும் விதையோடும் நொதித்தால் துவர்ப்பும் சேரும். சிவப்பு நிறமும் தோலிலிருந்தே வருகிறது. புளிப்பு, துவர்ப்பு, உவர்ப்பு, அடியில் சிறிது இனிப்பு என்று தமிழின் அறுசுவையுள் நான்கு அச்சாடியில் இருந்தன எனலாம். இன்று சிவப்பு மதுவைச் சுவைப்போர் ஆங்கிலத்தில் பெரிதும் பேசும் ‘டானின்’ என்பது நாவில் படும்போது நம் பாட்டிமார் பாக்கிலும் கடுக்காயிலும் அறிந்த துவர்ப்பேயன்றி வேறன்று.

இனிச் சொல்லுக்கு வருவோம். யவனர் என்ற பெயர் தமிழுக்கு வெளியிலிருந்து வந்தது. ‘அயோனியர்’ என்ற கிரேக்க இனப்பெயரின் வழிவந்தது. கொண்டுவந்தவரின் பெயரைக் கடனாகக் கொண்ட தமிழ், கொண்டுவந்த பொருளுக்குத் தன் சொல்லையே இட்டது. பிறமொழிச் சொல் மீதான வெறுப்பினால் அவ்வாறு செய்யவில்லை. அப்படிப்பட்ட கவலை எதுவும் நக்கீரரிடம் காணப்படவில்லை. பொருளை உற்றுநோக்கி, தெளிந்தது என்று கண்டு, தெளிந்ததற்குத் தம்மிடம் ஏற்கெனவே இருந்த சொல்லால் அழைத்தார். வகுப்பில் கலைச்சொல்லாக்கம் பற்றிப் பேசும்போது இதனை எடுத்துக்காட்டலாம். அகராதியைத் திறப்பதற்குமுன் பொருளைப் பார்க்க வேண்டும்.

யவன வணிகம் தளர்ந்தபின் திராட்சை மதுவும் தமிழ் எழுத்தில் மங்கியது. பின்னாளில் ஐரோப்பியர் வந்தபோது அது வேறு பெயர்களில் திரும்பியது. கிறித்தவ மறைநூலின் தமிழ் மொழிபெயர்ப்பில் அது திராட்சரசம்; திராட்சை வடமொழிவழி வந்த சொல். கனிக்குக் கொடிமுந்திரி என்ற பெயரும் வழங்கியது. இலங்கைத் தமிழர் முந்திரிகை என்பதும் திராட்சையையே. தமிழகத்திலிருந்து வந்த மாணவர் முந்திரி என்றதும் கொட்டையை எண்ணுவதும், யாழ்ப்பாணத்துப் பாட்டி கனியை எண்ணுவதும் நம் சிங்கப்பூர் வகுப்பறைகளில் நிகழக்கூடிய இனிய குழப்பம்.

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் கருந்திராட்சை ஒன்று 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. மேலை நாட்டார் அவ்வகையை ‘மஸ்கட் ஹாம்பர்க்’ என்கின்றனர். மது வடிக்கவும் ஏற்ற கனி அது. கம்பத்து உழவர் அந்த அயற்பெயரைச் சுமக்கவில்லை. கனியை முகர்ந்து பார்த்து, ‘பன்னீர் திராட்சை’ என்று பெயரிட்டனர்.